நானூத்திப் பத்து மீட்டர்

பார்க்குக்கு உள்ளயே தங்குறதா, வெளியில தங்குறதான்னு என்கிட்டயா சார் கேக்குறீங்க? இந்த லாட்ஜுல வேற ஆளே கிடைக்கலையா? சரி, கேட்டுட்டீங்க. சொல்றேன். அந்த பக்கெட்டைக் கீழ வைங்க. துணி எங்கயும் ஓடிப் போயிடாது. மணி என்ன? மூணேகாலா. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

நான் இங்க மாடிக்குக் காத்து வாங்க வந்தேன். ரூம்ல ஏசி இருக்கு, சத்தம் போடுது, குளிர மாட்டேங்குது. அதான் மேல வந்தேன். வேற ஒண்ணும் கிடையாது.

அந்தா நிக்குதே பெரிய ராட்டினம், அது இங்கேருந்து நேர்கோட்டுல நானூத்திப் பத்து மீட்டர். குத்துமதிப்பா சொல்லல சார். நான் சர்வேயர். முப்பத்தோரு வருஷமா ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவன். அண்ணன் தம்பி அருவாளோட நிக்கிற வரப்புல கல்லு நட்டுட்டு வந்திருக்கேன். திண்டுக்கல் பக்கம் வந்து கேட்டுப் பாருங்க, நான் வச்ச கல்லை ஒருத்தன் அசைச்சிருக்கானான்னு. லாட்ஜைப் பதிவு பண்றதுக்கு முன்னால மேப்பை வச்சு நானே அளந்தேன். நானூத்திப் பத்து. நடக்குற தூரம். அளவு தப்பா? தப்பில்ல. நடுவுல ஒரு காடு, ஒரு மதில், அவ்வளவுதான். பார்க்குக்காரன் கேட்டைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வச்சா அதுக்கு நான் பொறுப்பா? ஹைவேயில ஏறி, பாலத்துக்கு அடியில திரும்பி, டோல்கேட்டைத் தாண்டி, மறுபடி திரும்பி, எட்டு கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டரும் என் பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசல. ஆட்டோக்காரன் கண்ணாடியில பார்த்துப் பார்த்து ஓட்டுறான், யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சிருப்பான்.

நேத்துக் காலையில பின்பக்க மதிலோரமா நடந்தும் பார்த்தேன் சார். ஒரு இரும்பு கேட் இருக்கு. காய்கறி லாரி போற கேட். வாட்ச்மேன் விடமாட்டேங்குறான். தம்பி, இது பழைய வண்டிப்பாதை, கிராமப் புலப்படத்தை எடுத்தா தெரியும், பாதையை மறிச்சு மதில் கட்ட உங்க முதலாளிக்கு யாரு உரிமை குடுத்ததுன்னு கேட்டேன். அவன் ஒரு விசிலை எடுத்து ஊதுறான். எனக்கு. விசில். என் பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

பொண்ணு பேரு சுபிக்‌ஷா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுப் பொறந்தவ. ஒண்ணே ஒண்ணுதான். பன்னிரண்டாவது முடிச்சா, ஒடிசாவுல படிக்க சீட்டு கிடைச்சிருக்கு. வர்ற வியாழக்கிழமை ரயில் ஏறுறா. ரெண்டு நாள் பயணம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும்னு சொல்றாங்க. என்னம்மா வேணும், போறதுக்கு முன்னால கேளுன்னேன். செல்போன் கேப்பா, கம்மல் கேப்பான்னு பார்த்தா, எல்லாரும் ஒண்ணா ரெண்டு நாள் அந்தப் பார்க்குக்குப் போகணும்ப்பா, அது போதும்னா. எல்லாரும்னா நாங்க மூணு பேரு, என் மாமனார், என் சகலை குடும்பம்.

அந்த சகலை ஜெகதீசன் இருக்கானே.

இருங்க, முறையைச் சொல்லிடுறேன். அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். என் மாமனாருக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது. ரெண்டும் பொண்ணு. மூத்தவ உமாராணியைக் கட்டினது நான். அதனால அந்த வீட்டுல மகன் ஸ்தானம் எனக்கு. போர் போட்டா நான் போய் நிக்கணும். வரி கட்டணுமா, நான். மாமியார் செத்தப்ப கொள்ளி வச்சது யாரு? நான். சின்னவ சுகுணாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனதும் நான்தான். இந்த ஜெகதீசனைப் பார்த்துட்டு வந்து, நல்ல பையன் மாமா, முடிச்சிடலாம்னு சொன்னது இந்த வாய்தான். இந்த வாயிலயே போட்டுக்கணும்.

ஒரு நாள் காலையில போனைப் பார்க்குறேன். குடும்பக் குரூப்புல ஜெகதீசன் ஒரு படம் போட்டிருக்கான். பார்க்குக்கு உள்ளயே இருக்கிற ஹோட்டல். பெரிய கட்டடம், முன்னால நீச்சல் குளம். கீழ, மூணு ரூம் போட்டாச்சு, எல்லாரும் ரெடியாகுங்கன்னு. அதுக்குக் கீழ என் மாமனார் கும்பிடு போட்டிருக்காரு. என் பொண்டாட்டி பூ போட்டிருக்கா. சுகுணா சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கா. நான் ஒருத்தன் இருக்கேன்ல சார். மூத்த மாப்பிள்ளைன்னு ஒருத்தன். அண்ணே, இப்படி ஒரு எடம் இருக்கு, போட்டுடலாமான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. போன் போட்டா என்ன, விரல் தேஞ்சு போயிடுமா? வேணாம்னு நான் சொல்லியிருக்க மாட்டேன். சரிப்பான்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் சார் எனக்கு வயித்தெரிச்சல்.

மாமனாருக்குப் போன் போட்டேன். ஏன் மாமா, எங்க தங்குறதுன்னு யாரு முடிவு பண்றதுன்னு கேட்டேன். மாப்ள, அவரு கம்ப்யூட்டர்ல சட்டுனு போட்டுட்டாரு, இதுல என்ன இருக்குன்னாரு. இதுல என்ன இருக்காம். அன்னைக்கு மத்தியானமே இந்த லாட்ஜைப் போட்டேன். எங்க மூணு பேருக்கும். குரூப்புல நானும் படம் போட்டேன். பார்க்குல இருந்து நானூத்திப் பத்து மீட்டர்னு எழுதினேன். அதுக்கு ஒருத்தரும் கும்பிடும் போடல, பூவும் போடல.

நீங்க எதுக்கு சிரிக்கிறீங்க? இல்லையா? சரி. உங்களைப் பார்த்தா இளைய மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஆமாவா? அதான் பார்த்தேன். அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்.

நேத்து நடந்ததைக் கேளுங்க. உள்ள தங்குறவங்களுக்குக் கையில நீலப் பட்டை ஒண்ணு கட்டி விடுறாங்க. அவங்களுக்குத் தனி வாசல். ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிடலாம். நம்மள மாதிரி ஆளுங்க வெயில்ல வரிசையில நிக்கணும். எனக்கு முட்டி தேஞ்சு போச்சு சார், ரெண்டு கால்லயும். காடு மேடெல்லாம் நடந்த கால். டாக்டர் ஆபரேஷன்னு சொல்றாரு, நான் தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கேன். அதை வெளியில சொல்றதில்ல. நின்னேன். பொண்ணும் கூட நின்னா. நடுவுல அவ பையில கைக்குட்டை எடுக்கப் போறேன், உள்ள அந்த நீலப் பட்டை கிடக்குது. சித்தப்பன் குடுத்து விட்டிருக்கான். எனக்குத் தெரியாம வாங்கி வச்சிருக்கா. கையில கட்டிக்கல, பைக்குள்ளதான் இருந்துச்சு, ஒரு மணி நேரமும் என் பக்கத்துலதான் நின்னா, அதெல்லாம் சரி. ஆனா வாங்கினது வாங்கினதுதானே?

புளிசாதம் கட்டிக்கிட்டுப் போயிருந்தோம். வாசல்ல பையைச் சோதிச்சவன் தூக்குச்சட்டியை வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுத்தான். புளிசாதத்துக்கு டோக்கன். இத்தனை வருஷத்துல இதை எங்கயும் பார்த்ததில்ல.

மத்தியானம் எல்லாரும் ஹோட்டலுக்குப் போனாங்க. பார்க்குக்குள்ளயே இருக்குல்ல, நாலு எட்டு வச்சா ரூம். சாப்பிட்டுட்டு, படுத்து எந்திரிச்சு, வெயில் தாழ மறுபடி வருவாங்களாம். என்னையும் கூப்பிட்டாங்க. அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுட்டேன். வெளியில ஒரு பெஞ்சு. பக்கத்துல பிளாஸ்டிக்ல ஒரு காண்டாமிருகம். அது பக்கத்துல உட்கார்ந்தேன். ரெண்டு மணி நேரம். மாமனார் கைத்தடியை ஊனிக்கிட்டு வந்து, மாப்ள, வெயில்ல உட்காராதீங்க, உள்ள வாங்கன்னாரு. கூப்பிட வேண்டிய நேரம் அது இல்ல மாமா, ரூம் போடும்போது கூப்பிட்டிருக்கணும்னேன். அவரு தடியை ஊனிக்கிட்டே திரும்பிப் போயிட்டாரு. அவருக்கு வாய் ஏது?

சுபிக்‌ஷா உள்ள போகல. குளத்துல குதிக்கணும்னு ஊர்ல இருந்தே துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தா. போகல. ஒரு தட்டுல தயிர்சாதம் வாங்கிட்டு வந்து என் பக்கத்துலயே உட்கார்ந்துட்டா. ரெண்டு மணி நேரமும் பேசிக்கிட்டே இருந்தா. ஹாஸ்டலைப் பத்தி என்னமோ சொன்னா. பயமா இருக்குன்னு சொன்னாளா, பயமில்லைன்னு சொன்னாளா, சரியா காதுல வாங்கல சார். நான் அந்த ஹோட்டல் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஜெகதீசன் வெளிய வந்து முறையா கூப்பிடுறானா இல்லையான்னு. வந்தான். வராம இல்ல. மூணு தடவை வந்தான். அண்ணே, தப்புதான், வாங்கன்னான். சிரிச்சுக்கிட்டே சொல்றான் சார். தப்புன்னு சொல்றவன் எதுக்கு சிரிக்கணும்?

மணி என்ன இப்போ? மூணரை தாண்டிருச்சா. உங்க வாட்ச் சரியா ஓடுதா?

இன்னைக்குக் காலையில எந்திரிச்சுப் பார்க்குறேன், உமாராணி பெட்டியைக் கட்டி வச்சிருக்கா. இருபத்தேழு வருஷத்துல என்னை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசாதவ. அவ சொல்றா: "ஏங்க, பிள்ளை வியாழக்கிழமை ரயில் ஏறுறா. நம்ம கையில இருக்கிறது இந்த ஒரு நாள்தான். எட்டு கிலோமீட்டர் போகவும் வரவுமே பாதி நாள் போயிடுது. நாங்க அங்கயே போறோம். நீங்களும் வர்றதுன்னா வாங்க. இல்ல, உங்க கௌரவத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இங்கயே படுங்க."

போறவ போன்னேன். வேற என்ன சொல்ல? இந்த வயசுல காலைப் பிடிக்கவா முடியும்? சரி வாங்க போவோம்னு நானும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா, அந்த ஜெகதீசன் முன்னால என் நிலைமை என்ன? சொல்லுங்க. நீங்க இளைய மாப்பிள்ளை, உங்களுக்கு எங்க தெரியப் போகுது.

அவ கீழ ஆட்டோவுல போய் உட்கார்ந்துட்டா. பொண்ணு மட்டும் நின்னா. நான் சட்டையை மாட்டிக்கிட்டே திரும்பி நிக்கிறேன். அப்பான்னா. என்னன்னேன். அப்பத்தான் சார் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டா.

"அப்பா, சித்தப்பாவைத் திட்டாதப்பா. உள்ள இருக்கிற ஹோட்டலே போடுங்க சித்தப்பான்னு நான்தான் சொன்னேன். உனக்கு முட்டி வலிக்கும்ல. நாள் முழுக்க உன்னால நடக்க முடியாது. ரூம் பக்கத்துலயே இருந்தா நடுவுல வந்து படுத்துக்கலாம், மறுபடி எங்க கூட வரலாம். உனக்குன்னு கீழ்த்தளத்து ரூமாப் பார்த்துப் போட்டிருக்காரு. படி கிடையாது. உன்கிட்ட சொன்னா எனக்கு என்ன முட்டி வலின்னு கத்துவ. அதான் சித்தப்பாவை உன்கிட்ட சொல்ல வேணாம்னேன். அவரு கேக்கணும்னுதான் சொன்னாரு."

கேட்டீங்களா? எப்படி இருக்கு கதை? என் காலைப் பத்தி அவன்கிட்ட சொல்லியிருக்கா. நொண்டின்னு நேரா சொல்லல, அது ஒண்ணுதான் பாக்கி. அப்போ அந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மூத்த மாப்பிள்ளைக்கு நடக்க முடியாது, படி ஏற முடியாது, கீழ ஒரு ரூம் போட்டு உட்கார வைங்கன்னு எல்லாரும் சேர்ந்து பேசி முடிச்சிருக்காங்க. இந்தக் காலு எத்தனை ஊரு நடந்த காலுன்னு தெரியுமா அவங்களுக்கு? இந்த லாட்ஜுல மூணு மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறித்தானே வந்து நிக்கிறேன்? கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, நின்னு நின்னு வந்தேன். ஆனா வந்தேன்ல.

கண்டபடி கத்திட்டேன். என்ன சொன்னேன்னு முழுசா ஞாபகம் இல்ல. உங்க சித்தப்பனையே அப்பன்னு கூப்பிட்டுக்கன்னு ஒரு வார்த்தை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. அவ அழல. நெஞ்சழுத்தக்காரி, என்னை மாதிரி. கொடியில கிடந்த என் துண்டை உருவி மடிச்சுப் பையில வச்சா. காவிக் கலர்ல, கறுப்புக் கரை போட்ட துண்டு. குளிச்சா துவட்ட வேற துண்டு இல்ல எனக்கு. அதைத் தூக்கிட்டுப் போறா.

"நாலு மணிக்கு நான் பெரிய ராட்டினத்துல ஏறுவேம்பா. இங்க மாடியில இருந்து பார்த்தா தெரியும். உச்சிக்கு வரும்போது இந்தத் துண்டை ஆட்டுறேன். நீயும் கை காட்டு. கை காட்டினா கோபம் போயிருச்சுன்னு அர்த்தம். சாயங்காலம் சித்தப்பா வண்டியை எடுத்துக்கிட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். காட்டலைன்னா வரல, உன்னைத் தொந்தரவு பண்ணல."

எனக்கு வேற வேலை இருக்கு, போன்னேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஆட்டோ போச்சு. நான் கீழ போய் ரெண்டு இட்லி வாங்கினேன். இறங்கல, வச்சுட்டேன். படுத்தேன். தூக்கம் வரல. ஏசி சத்தம். ரெண்டரை மணிக்கு மேல வந்தேன், காத்து வாங்க. அதான் சொன்னேனே.

அதனால நீங்க கேட்டதுக்குப் பதில் என்னன்னா சார், வெளியில தங்குறதுதான் சரி. நம்ம இஷ்டத்துக்கு இருக்கலாம். யாரு கேட்டாலும் சொல்லுவேன். இங்க எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. ஒரு சத்தம் இல்ல. உள்ள போனா எந்நேரமும் பிள்ளைங்க கத்தல், பாட்டு, கூட்டம். என்னது? நாளைக்கு உள்ள இருக்கிற ஹோட்டலுக்கு மாறிடலாம்னு உங்க வீட்டுல சொல்றாங்களா? மாறுங்க. உங்க இஷ்டம். உங்க மாமனார் வீட்டுல மூத்த மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இருந்தா அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அவ்வளவுதான் என் யோசனை.

மணி?

நாலா? நாலே ஆச்சா? அப்புறம் ஏன் சுத்தாம நிக்குது அது? நேத்து இந்நேரம் சுத்திச்சு. ரிப்பேரா இருக்குமோ? இவனுங்களை நம்பவா முடியும், பிள்ளைங்களை ஏத்துற மிஷின். இருங்க, இருங்க. அசையுது. ஆள் ஏத்துறான். அதான் மெதுவா போகுது.

நான் ஒண்ணும் தேடல சார். கண்ணு தானா அங்க போகுது. நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி, மஞ்ச. அதுல ரெண்டு பேரு. அது இல்ல. அடுத்தது யாரும் இல்ல. பச்சை. பச்சையில ஒரு ஆள்தான் இருக்கு. தனியா உட்கார்ந்திருக்கு. கையில ஏதோ காவியா.

அது என் துண்டு.

தனியா ஏறியிருக்கா பாருங்க. அந்த ஜெகதீசன் கூட ஏறியிருக்கக் கூடாதா? சின்ன வயசுல ஊர்த் திருவிழாவுல ரங்கராட்டினம் ஏறணும்னா நான் பக்கத்துல உட்காரணும். என் சட்டைக்குள்ள மூஞ்சியை வச்சுக்குவா. உசரம்னா அவளுக்கு பயம் சார். பயம்னு தெரிஞ்சும் தனியா ஏத்தி விட்டிருக்கானுங்க.

ஆட்டுறா. உச்சிக்கு வந்துட்டா, ஆட்டுறா பாருங்க.

நான் எதுக்கு ஆட்டணும்? இன்னைக்கு நான் கையைத் தூக்கினா சாயங்காலமே வண்டி வந்து நிக்கும். என் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள போகணும். அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கண்ணேம்பான். முடியாது. என்னால முடியாது சார். நான் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பேன்.

நீங்க ஆட்டுங்க.

ஆமா, நீங்கதான். என்ன முழிக்கிறீங்க? பக்கெட்டுல இருக்கே ஈரத்துண்டு, அதை எடுங்க. இந்தத் தூரத்துல ஆளு யாருன்னு தெரியாது. கை அசையுறது மட்டும்தான் தெரியும். அளக்கிறவன் சொல்றேன், நானூத்திப் பத்து மீட்டர்ல மூஞ்சி தெரியாது. இந்தப் பக்கம் வாங்க, சுவரோரமா, நான் நின்ன எடத்துல நில்லுங்க. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயிக்கிறேன். ரெண்டு பேரு நின்னா சந்தேகப்படுவா.

உசத்தி ஆட்டுங்க. என்ன சார், ஈ ஓட்டுற மாதிரி ஆட்டுறீங்க? அவ கண்ணாடி போட்ட பிள்ளை. நல்லா கையை நீட்டி ஆட்டுங்க. பார்த்துட்டாளா? எனக்கு இங்கேருந்து தொட்டி மறைக்குது. பார்த்துட்டாளான்னு சொல்லுங்க சார்.

இறங்கிருச்சா? பரவாயில்ல. எங்கயும் போயிடாதீங்க. ஒரு தடவையோட நிறுத்த மாட்டான், அஞ்சாறு சுத்து விடுவான், நேத்து எண்ணினேன். மறுபடி மேல வருவா. அதுவரைக்கும் கையை இறக்காதீங்க.